மூடாமல் விட்ட மாதுளை

தாஷ்கண்டுக்குக் கிழக்கே இருக்கிற குவா ஊரில் மாதுளை வைத்திருப்பவர்கள் எல்லாரும் மண்வெட்டியும் கையுமாகத் திரிகிற வாரம் அது. இலை உதிர்ந்து, கடைசிப் பழமும் சந்தைக்குப் போன பிறகு, முதல் உறைபனி விழுவதற்குள் செடிகளை வளைத்து மண்ணுக்குள் படுக்க வைத்துவிட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் ஈரத்தில் அழுகிப்போகும். ஆற அமர மூடலாம் என்று இருந்தாலோ குளிரில் விறைத்த கிளை வளைந்து கொடுக்காது, படக்கென்று முறியும். அதனால் அந்த வாரத்தில் ஊரில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "மூடியாச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

மெலிபாய் இன்னும் மூடவில்லை. அந்தத் தெருவிலேயே அவர் தோட்டம்தான் பாக்கி. அவர் சோம்பேறி இல்லை. ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் பலாவ் சோற்றுக்கு அவர்தான் சமையல்காரர். விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டி, ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்குச் சோறு இறக்குகிறவருக்கு இந்தத் தோட்டம் ஒரு பொருட்டா? ஆனால் மாதுளையைத் தனி ஆளாக மூட முடியாது. ஒருவர் செடியைக் கட்டி வளைக்க வேண்டும், ஒருவர் வளைத்த கிளையின் மேல் ஏறி உட்கார வேண்டும், ஒருவர் பருத்திமாறு பரப்பி மண்ணை வெட்டிப் போட வேண்டும். பிள்ளைகள் மூன்று பேரும் வீட்டில் இருந்தவரை உட்காருவதற்கு அடிபிடி நடக்கும். இப்போது பையன்கள் இரண்டு பேரும் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் போய் "கொஞ்சம் வாப்பா" என்று கூப்பிட மெலிபாய்க்கு நாக்கு எழாது. அடுப்படியில் நின்று பத்துப் பேரை அதட்டியே பழகிய நாக்கு அது.

கடைசியில் சோபிர்தான் கூப்பிடாமல் வந்தார். பஸ் நிலையத்துக்கும் தெருக்களுக்கும் நடுவே டாமஸ் என்கிற குட்டி வேன் ஓட்டுகிறவர். மெலிபாயோடு ஒரே பெஞ்சில் படித்தவர். வேனை வாசலில் நிறுத்திவிட்டு, தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏண்டா மெலிபாய், உன் செடியெல்லாம் தானே ஸ்வெட்டர் போட்டுக்கும்னு விட்டுட்டியா?"

"உனக்கு என்னடா வந்துச்சு? சவாரி கிடைக்கலையா?"

"சவாரி கிடக்கட்டும். நாளைக்கு ராத்திரி பனி விழும்னு ரேடியோவுல கத்துறான். எடைக்கு ஆள் வேணும்னா இந்தத் தெருவுல என்னைவிட்டா யாரு இருக்கா? எங்க உக்காரணும், சொல்லு."

மெலிபாய் சிரிக்கவில்லை, ஆனால் மண்வெட்டியை எடுத்தார். அவர் மனைவி ஹைரினிஸா, வாயே திறக்காமல், கொட்டகையிலிருந்து பருத்திமாற்றைச் சுமை சுமையாகக் கொண்டுவந்து வரிசை ஓரமாகப் போட ஆரம்பித்தாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. சோபிருக்கு முந்தின நாள் சொல்லி அனுப்பியது அவள்தான் என்று மெலிபாய்க்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் கொஞ்ச காலமாக எல்லாமே இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

முதலில் பெரிய பையன் குத்ரத்தின் செடி. ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் மெலிபாய் ஒரு மாதுளைப் போத்து நட்டிருந்தார். தோட்டத்தில் வேறு செடிகளும் இருந்தன. ஆனால் பேர் வைத்து அழைக்கப்பட்டவை அந்த மூன்றும்தான். தரையிலிருந்து கிளம்பிய கிளைகளை ஒன்றுசேர்த்து, பழைய துணியால் சுற்றிக் கட்டி, அடியில் மண்ணைக் கொஞ்சம் பறித்து, மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்தார். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதற்குக்கூட அவர் அவ்வளவு பொறுமை காட்டியதில்லை என்று ஹைரினிஸா முன்பெல்லாம் சொல்வாள்.

"இப்ப உக்காரு. அந்தப் பக்கம் இல்லடா, இந்தப் பக்கம். குத்ரத் இங்கதான் உக்காருவான்."

"குத்ரத் அப்ப கோழிக்குஞ்சு மாதிரி இருப்பான். நான் உக்காந்தா உன் செடி சீனாவுல போய் முளைக்கும்." சோபிர் மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். கிளைகள் முனகின. "ஒடிஞ்சா என் தலையில போட்டுடாத. இப்பவே சொல்லிட்டேன்."

"ஒடியாது. அதுக்குத் தெரியும்."

பருத்திமாறு பரப்பினார்கள், அதன் மேல் மண் விழுந்தது. மெலிபாய் மண்வெட்டியின் முதுகால் தட்டி நிரவினார். மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க மேட்டின் இரண்டு பக்கமும் சரிவு எடுத்தார். அடுத்து இளையவன் இல்ஹோமின் செடி. அவன் மாதம் ஒருமுறை போன் பேசுவான், அதுவும் பேசி முடிப்பதற்குள் கொட்டாவி விடுவான். அவன் செடிக்கும் அதே பரிவு, அதே சுற்றுத்துணி. மற்றச் செடிகளும் ஒவ்வொன்றாகப் படுத்தன. வெயில் உச்சிக்கு வந்தபோது தோட்டத்தில் மண்மேடுகள்தான் வரிசையாகக் கிடந்தன.

வாசல் கதவை ஒட்டி ஒரு செடி மிச்சம். செடி என்று அதைச் சொல்வது மரியாதைக்குத்தான். வெட்டிய அடிக்கட்டைகளும், அவற்றைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு விரல் தடிமனில் சில தளிர்க்குச்சிகளும். சோபிர் அங்கே போய் நின்றார். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டார்.

"அதை விடு," என்றார் மெலிபாய். "அதுல வளைக்க ஒண்ணுமில்ல. வா, டீ குடிக்கலாம்."

அது மஸ்தூராவின் செடி. மூத்தவள், ஒரே பெண். அந்த வீட்டில் முதலில் நட்டது அந்தப் போத்துதான். போன வருஷம் இதே வாரத்தில் அது ஆள் உயரத்தைத் தாண்டி, கை நிறையக் கிளைகளோடு நின்றது.

நடந்தது இதுதான். போன வருஷம் வசந்தத்தில் நவ்ரூஸ் பண்டிகை முடிந்த கையோடு மஸ்தூராவுக்கு மர்கிலானில் ஒரு இடம் பார்த்தார் மெலிபாய். பட்டு வியாபாரக் குடும்பம். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து ரொட்டி பிட்டார்கள். ரொட்டி பிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம், அதற்கு மேல் மாற்றமே கிடையாது. ஆனால் பிட்ட ரொட்டி காய்வதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சொல் வந்தது. பெண் கல்யாணத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகக்கூடாதாம். மஸ்தூரா நர்ஸ். அவள் அப்பாவிடம் வந்து, சத்தம் போடாமல், "இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்பா" என்றாள். அவர் கத்தினார். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் சோறாக்கிப் போடுகிறவன் வீட்டில் பிட்ட ரொட்டியைத் திருப்பி அனுப்புவதா, நாளைக்கு எந்த முகத்தோடு அடுப்படியில் நிற்பேன் என்று கேட்டார். அவள் ஒரு பையோடு தாஷ்கண்டுக்குப் போய், அங்கே ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டாள். மர்கிலான்காரர்கள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். ஊரும் மறந்துவிட்டது. மெலிபாய்க்குத்தான் ஆறவில்லை. அவருக்குக் கோபம் வருவதற்குக் காரணம் வேண்டும், போவதற்கு ஒரு காரணமும் போதாது.

அந்த இலையுதிர் காலத்தில் செடி மூடுகிற வாரம் மஸ்தூரா அம்மாவுக்குப் போன் செய்தாள். "நான் ரெண்டு நாள் லீவு போட்டு வரட்டுமாம்மா? என் செடிமேல நான்தானே உக்காரணும்?" ஹைரினிஸா போனைக் கையில் பிடித்தபடியே கணவனைப் பார்த்துக் கேட்டாள். அவர் போனுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்: "உக்கார ஆளு நெறைய இருக்கு. யாரும் வந்து கிழிக்க வேணாம்."

அப்போது இல்ஹோம் ஊரில் இருந்தான். அவனை உட்கார வைத்து எல்லாச் செடிகளையும் மூடினார். வாசல் ஓரத்துச் செடியை மட்டும் விட்டுவிட்டார். இல்ஹோம் தயங்கி, "அப்பா, அக்காவோடது?" என்றதற்கு, "வேலையப் பாருடா" என்றார். இரண்டு நாள் கழித்துக் குளிர் இறங்கிய சாயங்காலம், ஹைரினிஸா ஒரு பழைய மெத்தை விரிப்பைக் கொண்டுபோய்ச் செடியைச் சுற்றிக் கட்டினாள். அவர் வெளியே வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முடிச்சை அவிழ்த்து, விரிப்பை உருவி, அவள் காலடியில் போட்டார். அன்றிலிருந்து ஹைரினிஸா அவரை "மஸ்தூரா அப்பா" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். முதல் பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவர் கேட்டுப் பழகிய பேர் அது. அதற்குப் பிறகு எல்லாம் "ஏங்க"தான், அதுவும் தேவை இருந்தால்.

இதில் ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. செடியை அப்படி விட்டவர், அந்தக் குளிர்காலம் முழுக்க வாசல் கதவைத் தாழ்போடவில்லை. கதவின் ஒரு பலகையை ஒரு முழம் திறந்தே வைத்திருப்பார். ராத்திரியில் காற்றுக்கு அது முனகும். ஹைரினிஸா எழுந்து சாத்தப் போனால், "கிடக்கட்டும் விடு, நாய் வந்து போகும்" என்பார். அந்த வீட்டில் நாய் கிடையாது. மகள் வந்தால் கதவைத் தட்டி, காத்து நின்று, அவர் எழுந்து போய்த் திறக்கிற சங்கடம் இருவருக்கும் வேண்டாம், தானாக உள்ளே வந்து அடுப்படியில் நின்றால் பார்க்காதது மாதிரி இருந்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. மன்னிப்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

அவள் வரவில்லை. வசந்தத்தில் எல்லா மேடுகளையும் பிரித்தபோது மற்றச் செடிகள் துளிர்த்தன. அவள் செடி கரிக்கட்டை மாதிரி நின்றது. அடுத்த மாதம் தாஷ்கண்டிலிருந்து செய்தி வந்தது. மஸ்தூரா கல்யாணம் செய்துகொண்டாள், பல் கட்டுகிற வேலை பார்க்கும் ஒரு பையனை. கல்யாணம் நடந்த நாளில் மெலிபாய் யாரோ ஒருவர் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு அண்டாவில் கேரட் வதக்கிக்கொண்டிருந்தார். செய்தி கேட்டதும் வீட்டுக்கு வந்து, பட்ட கிளைகளை அடியோடு வெட்டிப் போட்டார். ஹைரினிஸா அந்தக் குச்சிகளை அடுப்பில் வைக்கவிடாமல் எடுத்துப்போய் ரொட்டி அடுப்புக்குப் பின்னால் அடுக்கிவைத்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன.

டீக்கு உட்கார்ந்தார்கள். பூசணிக்காய் வைத்த சமோசாவை ஹைரினிஸா சூடாகக் கொண்டுவந்து வைத்தாள். சோபிர் ஒன்றை எடுத்தார், பாதிதான் தின்றார். அது ஊர் அறியாத அதிசயம்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருக்க?"

சோபிர் வாசல் பக்கம் பார்த்தார். "அந்தத் தளிரையும் மூடிடலாம்டா. ரெண்டு கூடை மண்ணு போதும். இந்தக் குளிருக்குத் தாங்காது."

மெலிபாய் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தாங்காட்டிப் போகுது. அவளுக்கே அக்கறை இல்ல, செடிக்கு என்ன வந்துச்சு? பெத்த அப்பன்கிட்ட ஒரு வார்த்த கேட்காம கல்யாணம் பண்ணிக்கிட்டவ அவ. உலகத்துல எந்தப் பொண்ணாவது அப்பன் கை ஏந்தி ஆசீர்வாதம் குடுக்காம வீட்ட விட்டுப் போவாளா? நானா போகச் சொன்னேன்? குளிர்காலம் பூரா கதவத் தொறந்து போட்டு வெச்சிருந்தேன்டா. பூரா! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எட்டிப் பார்த்தாளா? கல்லு. கல்லப் பெத்து வெச்சிருக்கேன்."

நாய்க்காகத் திறந்திருந்த கதவின் காரணத்தை ஹைரினிஸா அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். கையில் இருந்த தேநீர்க் கூஜாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்தா," என்றார் சோபிர்.

"யாரு?"

"மஸ்தூரா. வந்தாடா. நாப்பது நாள் சில்லாக் குளிர்ல, ஊரே உறைஞ்சு கிடந்துச்சே அப்ப. தாஷ்கண்ட் பஸ்ஸுல வந்து இறங்கினா. என் வேன்லதான் ஏத்திட்டு வந்தேன். வழி பூரா ஒரே பேச்சு. அப்பா எப்படி இருக்காரு, இன்னும் அதே இருமலா, யார் வீட்டுக் கல்யாணத்துக்குச் சோறாக்கினாருன்னு. மடியில துணிமூட்டை வெச்சிருந்தா. வேன் பூரா ரொட்டி வாசனை. அவளே சுட்ட ரொட்டின்னு சொன்னா. தெரு முனையிலேயே இறக்கி விடுங்க மாமா, நடந்து போறேன்னா. நான் வண்டியத் திருப்பிட்டு இருந்தேன். திரும்பிப் பார்க்குறேன், அதுக்குள்ள வண்டிக்கே வந்துட்டா."

"உள்ள வரலியே?" என்று கேட்டாள் ஹைரினிஸா.

"வரல தங்கச்சி. கதவு வரைக்கும் வந்திருக்கா. கதவு தொறந்திருந்துச்சாம். அந்த இடுக்கு வழியாப் பார்த்திருக்கா. தோட்டம் பூரா மண்ணு போட்டு மூடி, பனி மூடி இருக்கு. அவ செடி மட்டும் வெறுங்கிளையோட நிக்குது. வண்டியில ஏறி உக்காந்து அதத்தான் சொன்னா. 'மாமா, என்னோடத மட்டும் மூடல.' அவ்வளவுதான். அழக்கூட இல்ல. பஸ் நிலையத்துல இறங்குறப்ப, அப்பாகிட்டச் சொல்லாதீங்க, சத்தியம் பண்ணுங்கன்னா. பண்ணினேன். அந்த ரொட்டிய என்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டா." சோபிர் மூக்கைச் சிந்தினார். "நல்ல ரொட்டிடா. என்னால சாப்பிடத்தான் முடியல."

ரொட்டி கட்டிக்கொண்டு வந்தாள் என்றால் எதற்கு வந்தாள் என்று மெலிபாய்க்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்பன் முன்னால் ரொட்டியை வைத்து, இப்படி ஒரு பையன் இருக்கிறான் என்று சொல்லி, கை ஏந்துங்கள் என்று கேட்க வந்திருக்கிறாள். தன்னைக் கேட்கவே இல்லை என்று வசந்தத்திலிருந்து ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்.

அவர் எழுந்தார். தோட்டத்தைத் தாண்டி, வாசலுக்கு வெளியே போனார். கதவின் ஒரு பலகையைச் சாத்தி, மற்றதை ஒரு முழம் திறந்து வைத்தார். குளிர்காலத்தில் வைத்த அதே அளவு. பிறகு தெருவில் நின்று அந்த இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார்.

வீடு தெரியவில்லை. அடுப்படி தெரியவில்லை. குத்ரத்தின் மேடும் இல்ஹோமின் மேடும் பின்னால் ஒதுங்கித் தெரிந்தன. நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மஸ்தூராவின் செடி இருந்த இடம். அந்த இடுக்கு வழியாகப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். கதவைச் சாத்தி வைத்திருந்தால் அவள் தட்டியிருப்பாள். தட்டியிருந்தால் அவர் எழுந்து போய்த் திறந்திருப்பார். திறந்த பிறகு என்ன திட்டியிருந்தாலும் அவளை உள்ளே கூட்டி வந்திருப்பார். அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் மூஞ்சியைப் பார்த்த பிறகு அவரால் வேறு எதுவும் செய்திருக்க முடியாது. கதவுப் பலகையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். தெருவில் போன ஒருவர், "என்ன அண்ணே, சொந்த வீட்டுலயே ஒளிஞ்சு பார்க்கிறீங்க? மூடியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உள்ளே வந்து மண்டி போட்டு உட்கார்ந்தார். சோபிர் மண்வெட்டியோடு வந்தபோது கையால் தள்ளிவிட்டார். தளிர்க்குச்சிகளைச் சேர்த்துக் கட்டவில்லை, கட்டினால் முறிந்துவிடும். சுற்றிலும் பருத்திமாற்றை ஒடித்து ஒடித்து நட்டார். பிறகு வெறுங்கையால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார். கட்டியை உள்ளங்கையில் நசுக்கித் தூளாக்கிப் போட்டார். ஹைரினிஸா வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவளும் போட்டாள். போன வருஷம் உருவிப் போட்ட அந்த மெத்தை விரிப்பை அவள் போய் எடுத்து வந்து மேட்டின் மேல் விரித்தாள். அவர் அதன் நான்கு மூலையிலும் செங்கல் வைத்தார்.

"ஹைரி," என்றார். "உன் போனக் குடு."

"எதுக்கு?"

"அவ நம்பர் அதுலதானே இருக்கு?"

அவர் அடுப்படிக்குள் வருவதற்கு முன்னால் எப்போதும் ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் வருவார், மகளோடு பேசிக்கொண்டிருக்கிறவள் போனை மறைத்துக்கொள்ள வசதியாக. இந்த ஏற்பாட்டைப் பற்றியும் இருவரும் பேசிக்கொண்டதில்லை. அவளே நம்பரை அழுத்தி, அவர் காதில் வைத்தாள். அவர் கையெல்லாம் மண்.

"அம்மா, சொல்லும்மா."

"நான்தான்."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று போகிற சத்தம் கேட்டது.

"அப்பா. அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. பக்கத்துலதான் இருக்கா. நல்லாருக்கா."

"தம்பிங்க?"

"நல்லாருக்கானுங்க." மேட்டின் மண்ணை ஒருமுறை தட்டினார். "இன்னிக்குத்தான் செடியெல்லாம் மூடினோம்."

"இன்னிக்கா? லேட்டாச்சேப்பா."

"லேட்டாத்தான் ஆயிடுச்சு. சோபிர் சொன்னான். நீ வந்தியாம்."

"சொல்லாதீங்கன்னு சொன்னேனே மாமாகிட்ட."

"உள்ள வந்து என் மூஞ்சிக்கு நேரா திட்டியிருக்கலாம்ல?"

"திட்ட வரலப்பா. கை ஏந்துங்கன்னு கேட்க வந்தேன்."

"தெரியும். மஸ்தூரா, நான் பண்ணினது தப்பு. செடி என்ன பண்ணுச்சு, நீ என்ன பண்ணின. நான்தான். இப்பக்கூட நான் கை ஏந்தி..."

"அதெல்லாம் ஆயிடுச்சுப்பா," என்றாள் அவள். கோபம் இல்லை அந்தக் குரலில். நோயாளியின் அப்பாவிடம் நர்ஸ் பேசுகிற மாதிரி நிதானமாக இருந்தது. "நாங்க குடியிருக்கிற கட்டடத்துல கீழ்வீட்டுல ஒரு பெரியவர் இருக்காரு. அவர்தான் கை ஏந்தினாரு. நல்ல மனுஷன். என் பேர ரெண்டு தடவ கேட்டுக்கிட்டாரு, மறந்துடக்கூடாதுன்னு."

மெலிபாய் "ம்" என்றார்.

"உன் செடியையும் மூடிட்டேன்," என்றார் பிறகு.

"அது பட்டுப்போச்சுன்னு அம்மா சொன்னாங்களே."

"வேர்ல தளிர் வந்திருக்கு. சின்னதுதான். காய்க்க இன்னும் மூணு நாலு வருஷம் ஆகும்."

"அப்படியா. சரிப்பா."

"வசந்தத்துல தொறக்கிறப்ப வர்றியா? மாப்பிள்ளையையும் கூட்டிட்டு. நான் பலாவ் போடுறேன்."

"பார்க்கலாம்பா," என்றாள். "டூட்டிக்கு நேரமாச்சு. வெச்சிடவா? குளிர்ல வெளிய நிக்காதீங்க, இருமல் வரும்."

பார்க்கலாம் என்பது அவர் சொல். சின்ன வயதில் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மனமில்லாமல் "பார்க்கலாம்" என்பார். அதன் அர்த்தம் மூன்று பிள்ளைகளுக்கும் அப்போதே தெரியும்.

போன் அடங்கிவிட்டது. ஹைரினிஸா அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். மெலிபாய் எழுந்திருக்கவில்லை. மேட்டின் முன்னால் மண்டி போட்டபடியே, மண் அப்பியிருந்த இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே விரித்தார்.

"அவ வெச்சிட்டா, மஸ்தூரா அப்பா," என்றாள் ஹைரினிஸா மெதுவாக.

அந்தப் பேரைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கையை இறக்கவில்லை. எத்தனையோ கல்யாண வீடுகளில் அடுப்பங்கரையில் நின்று அவர் காதால் கேட்ட வார்த்தைகள்தான். தன் வாயால் சொல்ல இருந்தது ஒரே ஒருமுறை, ஒரே ஒருத்திக்கு.

"போன இடத்துல நல்லா இரு. மாவும் எண்ணெயும் குறையாம இரு. நீயும் அவனும் சேர்ந்தே கெழமாகுங்க."

ஹைரினிஸாவும் கை ஏந்தினாள். வேனுக்குள் ஏறப்போன சோபிர் ஒரு காலைக் கீழே வைத்தபடி கை ஏந்தினார். மூன்று பேரும் "ஆமீன்" என்று சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். மெலிபாயின் கன்னத்தில் மண் கோடாக ஒட்டியது.

"அந்தப் பெரியவரும் இதேதான் சொல்லியிருப்பாரோ?" என்று கேட்டார்.

"எல்லாரும் இதேதான் சொல்லுவாங்க," என்றாள் ஹைரினிஸா. ஆறிப்போன டீக் கிண்ணங்களை எடுக்க உள்ளே போனாள்.